ஒற்றைக் காதும் தேய்ந்த பல்லும்

அவைத் தலைவர் அவர்களுக்கும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட் என்றதும் திடகாத்திரமான ஒரு வாலிப வேட்டைக்காரர்தான் நம் கண்முன் வருகிறார். 1907இல் சம்பாவத் புலியைச் சுட்டபோது அவர் அப்படித்தான் இருந்தார். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த வேட்டைகளில் பல, ஐம்பது வயதில் தொடங்கி அதற்குப் பிறகு நடந்தவை. 1926இல் ருத்ரபிரயாகைச் சிறுத்தை, 1929இல் தல்லா தேஷ் புலி, 1930இல் சௌகர் புலி, 1938இல் தாக் புலி. எல்லாம் இமயமலைப் பக்கத்துக் குமாவோன், கர்வால் மலைகளில் உள்ள இடங்களின் பெயர்கள். இந்தப் பிற்கால வேட்டைகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தல்லா தேஷ் போவதற்குச் சில வாரங்களுக்கு முன், இமயமலை அடிவாரத்துத் தராய்ப் புல்வெளியில் பக்கத்தில் இருந்தவர் சுட்ட பெரிய துப்பாக்கி கார்பெட்டின் இடது காதருகே வெடித்தது. செவிப்பறை கிழிந்தது. உள்ளே புண்ணாகிச் சீழ் கட்டியது. அந்த நிலையில்தான் ஆறு கர்வாலி ஆட்களோடு மலையேறினார். போகப் போகத் தலையும் முகமும் கழுத்தும் வீங்கி, இடது கண் மூடிக்கொண்டது. தலையைத் திருப்பவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை.

காட்டில் காது என்றால் என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். புலி நடந்தால் சத்தம் வராது. அது வருவதைக் கேளையாடு கத்திச் சொல்லும், மந்தி மரத்திலிருந்து சொல்லும். அந்தச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதுதான் உயிர்நாடியான செய்தி. திசை தெரிய இரண்டு காதும் வேண்டும். ஒரு காது போனவருக்குக் கத்தல் கேட்கும். புலி முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பது தெரியாது. இப்படி ஒரு காதையும் ஒரு கண்ணையும் மட்டும் நம்பி, தான் சுட்டுக் காயப்படுத்திய பெண்புலியின் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார் அவர். ஓர் இரவு வலி தாங்காமல் வெளியே கிளம்பி மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தபோது கட்டி உடைந்தது. மூக்கு வழியாகவும் காது வழியாகவும் சீழ் வடிந்தது. அதன் பிறகுதான் அந்தப் புலி வீழ்ந்தது.

இதை வீரம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அந்த உடம்போடு போகச் சொல்லி எந்த மருத்துவரும் அனுமதி தந்திருக்க மாட்டார். ஆனால் காயம்பட்ட புலியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தால், மறுநாள் புல்லறுக்கப் போகும் பெண்ணின் கதி என்ன? அந்தக் கடமைதான் அவரைத் திரும்ப விடவில்லை என்று நினைக்கிறேன்.

இனி எதிர்ப்பக்கம் போவோம். சௌகர் பெண்புலி 64 பேரைக் கொன்றது. சுட்டு வீழ்த்திய பிறகு பார்த்தால் கிழட்டுப் புலி. நகங்கள் உடைந்திருந்தன. ஒரு கோரைப்பல் முறிந்திருந்தது, முன்பற்கள் எலும்பு வரை தேய்ந்திருந்தன. முன்பு அதன் கூடவே கிட்டத்தட்ட முழு வளர்ச்சி பெற்ற குட்டி ஒன்று திரிந்தது. தாய் பிடிக்கும், முடித்து வைக்கக் குட்டி உதவும். அந்தக் குட்டியைத் தாய் என்று தவறாக எண்ணி கார்பெட் சுட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கிழப்புலி தாக்கியவர்களில் பலர் உடனே சாகவில்லை; குற்றுயிராய்த் தப்பினார்கள். தனியாகக் கொல்லும் வலு அதற்கு இல்லை. சம்பாவத் புலிக்கும் வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை. முக்தேசர் புலிக்கு ஒரு கண் இல்லை, முன்னங்காலில் ஏறத்தாழ ஐம்பது முள்ளம்பன்றி முட்கள். பத்தில் ஒன்பது ஆட்கொல்லிகள் காயத்தாலும் மீதி ஒன்று முதுமையாலும் உருவாகின்றன என்பது அவர் கண்ட கணக்கு. மானைத் துரத்த முடியாத புலி மனிதனிடம் வருகிறது. உடல் தளர்ந்தாலும் அதற்குப் பசி தளர்வதில்லை, வேட்டையை விட்டு ஓய்வு பெறவும் வழியில்லை. அந்தக் கிழப்புலியை நினைத்தால் எனக்குக் கோபத்தைவிடத் துக்கம்தான் மிகுதியாக வருகிறது.

கார்பெட்டுக்கு வேறு வழிகள் இருந்தன. 1938 நவம்பர் கடைசியில், 63 வயதில், சாரதா ஆற்றுப் பக்கத்துத் தாக் கிராமத்தில் அவர் காட்டிய வித்தைக்குக் கால்வலு தேவைப்படவில்லை. இணை தேடிக் கத்திக்கொண்டிருந்த பெண்புலிக்கு ஆண்புலியின் குரலில் பதில் கொடுத்தார். மாலை மங்கும் நேரத்தில் அது அவரிருந்த இடத்துக்கே வந்தது. அதன் உடலிலும் பழைய துப்பாக்கிக் காயங்கள் இரண்டு. அதுதான் அவருடைய கடைசி ஆட்கொல்லி வேட்டை. இரண்டாம் உலகப் போரின்போது, எழுபதை நெருங்கும் வயதில், பர்மாப் போர்முனைக்குப் போகும் படையினருக்குக் காட்டில் பிழைக்கும் கலையைக் கற்றுக் கொடுத்தார்.

நம் வீட்டு வாசலுக்கு வருகிறேன். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. ஏறத்தாழ 13 வயது. புலிக்கு அது முதுமை. சுடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, உடனே கொன்றுவிட வேண்டாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். கும்கி யானைகள், மோப்ப நாய்கள், தடம் பார்க்கத் தெரிந்த பழங்குடி மக்கள் எனப் பெரும்படையே தேடியது. அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். உடம்பில் காயங்கள் இருந்தன. சிகிச்சைக்கு மைசூருக்குக் கொண்டு போனார்கள்.

அந்த நான்கு குடும்பங்களின் இழப்பை எந்தச் சிகிச்சையும் ஈடுகட்டாது. வனத்துறை நண்பர்களும் இங்கே வந்திருப்பதால் ஒன்றைக் கேட்கிறேன். காட்டுக்குள் கேமராக்கள் வைத்திருக்கிறீர்கள். ஒரு புலி நொண்டுவதும், விலா எலும்பு தெரிய இளைப்பதும், ஊரோரம் ஒதுங்குவதும் முதலில் உங்கள் கண்ணில்தான் படும். மாடு மேய்ப்பவர்களுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.