“இயன்ற அளவு” என்றால் எத்தனை மாத்திரை?

பெரியோர்களே, தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே,

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 வந்தால் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறோம். போவோம், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்குப் பேச வந்தது எச்.ஐ.வி. மருந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பற்றி.

உள்ளே 30 மாத்திரை. ஒவ்வொன்றிலும் மூன்று மருந்து: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. தினம் ஒன்று. விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தத்தில் எச்.ஐ.வி. சோதனைக்கே தட்டுப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலை நீடிக்கிறவரை உடலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. ஆக, சிகிச்சையும் தடுப்பும் இதே டப்பாதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பக் காலத்தில் தருகிற இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இதோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாகச் சேராது. இதைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சத்து மாத்திரையைப் போடுங்கள்.

இனி கணக்குக்கு வருவோம். இந்த மருந்தைத் தருகிற அரசு ஏ.ஆர்.டி. மையம் ஒன்றில் 1,000 பேர் என்று வையுங்கள். மாதம் 1,000 டப்பா. ஆளுக்கு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க 3,000 வேண்டும். அடுத்த லோடு வரும்வரை தாங்க அதற்கு மேலும் வேண்டும். மருந்து வாங்க டெல்லியில் விடுகிற டெண்டர் தள்ளிப்போனால், எந்த ஊர் மையமானாலும் டப்பாவைப் பிரித்துப் பத்துப் பத்தாக எண்ணிக் கொடுக்க வேண்டி வரும். ‘மருந்து தீரவில்லை’ என்று அறிக்கை எழுதலாம், அது பொய்யுமில்லை. ஆனால் ராதாபுரத்துப் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு வருகிறவர் மாதம் மூன்று தடவை பஸ் ஏறணும். முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு மூன்று நாள் கூலி போச்சு. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்: “என்னம்மா, அடிக்கடி எங்க போற?” அந்தக் கேள்விக்குப் பயந்தே மருந்தை விடுகிறவர்கள் உண்டு. மருந்தை இடையிடையே விட்டால் வைரஸ் மறுபடி பெருகும்; அப்படிப் பெருகும்போது மருந்துக்கு மசியாத வகையாக மாறவும் கூடும். லாமிவுடின்தான் அதில் சீக்கிரம் தோற்கும்.

2022-இல் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலக வாசலில் தொற்றுள்ளவர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் உட்கார்ந்தது இந்த டப்பாவுக்காகத்தான்.

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இயற்றியது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதமில்லாமல் சோதிக்கக் கூடாது, தொற்றைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் 14-ஆம் பிரிவில், மருந்து தருவதைச் சொல்கிற இடத்தில், “இயன்ற அளவு” என்று ஒரு சொல்லைச் செருகியிருக்கிறார்கள். அரசுக்கு இயலாத மாதத்தில் நோயாளி எதை விழுங்குவார்?

அந்தச் சொல்லை நீக்க வேண்டும். அது நாடாளுமன்ற வேலை, நம் எம்.பி.யிடம் கேட்க வேண்டியது. மையத்துக்கு மையம் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்ததை மட்டும் கணக்குக் காட்டாமல், முடிவு நோயாளி கைக்கு எத்தனை நாளில் வந்தது என்று காட்ட வேண்டும். முடிவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1,000 வைரஸுக்கு மேல் என்று வந்தால் மாத்திரை எங்கே தவறுகிறது என்று உட்கார்ந்து பேசி, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கணும். முடிவே வராவிட்டால் எதை வைத்துப் பேசுவது?

கையிருப்பு, பரிசோதனை முடிவு என்ற இந்தக் கடைசி இரண்டையும் எழுதித் திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் மனு நாளில் கொடுக்கலாம். தொற்றுள்ளவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளே அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மற்றவர்கள் முதலில் போடுங்கள், நிறையப் பேராகப் போடுங்கள்.