699 ஓட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கலைஞர் கருணாநிதி சட்டப்பேரவைத் தேர்தலில் 13 தடவை நின்றார், 13 தடவையும் ஜெயித்தார். மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கும் கணக்கு இது. நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். வாக்குச்சீட்டுக் காலத்தில் இரண்டு தடவை ஓட்டு எண்ணும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, அந்த 13-ஐ விட எனக்கு 699 மேல்தான் கண். 1980-இல் அண்ணா நகர் தொகுதியில் அ.தி.மு.க.வின் டாக்டர் ஹண்டேயை அவர் முந்தியது அவ்வளவு ஓட்டில்தான்.

முதலில் இருந்தே வருகிறேன். 1957, குளித்தலை. அவருக்கு வயது 32. தி.மு.க. களம் இறங்கிய முதல் பொதுத்தேர்தல். அப்போது சீட்டில் முத்திரை குத்தும் வேலையே கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதில் ஒரு வசதி, எழுதப் படிக்கத் தெரியாதவர் ஓட்டும் செல்லாமல் போகாது. ஒரு கோளாறும் உண்டு. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் கட்டிக்கொண்டு வெளியே வந்தால் கேட்பாரில்லை, யாரிடமாவது விற்றுவிடலாம். காங்கிரஸ் பெருவாரியாக ஜெயித்த அந்தத் தேர்தலில் தி.மு.க.வுக்கு 15 இடம். அதில் ஒன்று குளித்தலை. பேரவைக்குப் போனதும் அவர் பேச எடுத்துக்கொண்டது நங்கவரத்து விவசாயிகளின் பிரச்சினையை.

அடுத்த தேர்தலில் அவர் குளித்தலையில் இல்லை. 1962-இல் தஞ்சாவூர், எதிரே காங்கிரசின் பரிசுத்த நாடார். வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் கீழே. அதே தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். அதற்கடுத்த 1967-இல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். பின்னாளில், 1996-இல், பர்கூரில் ஜெயலலிதா தோற்றார். தமிழ்நாட்டு வாக்காளர் யார் முகத்தையும் பார்க்காமல் குத்தக்கூடியவர் என்பதற்கு இந்த மூன்று ஊர்ப் பெயரும் போதும்.

1967-இலும் 1971-இலும் சைதாப்பேட்டை. 1977-இலும் 1980-இலும் அண்ணா நகர். இந்த 1980-இல்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்து தமிழ்நாட்டை வாரிக்கொண்டு போயின. சில மாதத்தில் சட்டப்பேரவைத் தேர்தல் வந்தது. அதே ஜனங்கள் எம்.ஜி.ஆரை மறுபடி கோட்டைக்கு அனுப்பினார்கள். அந்த அலையில் அண்ணா நகர் தப்பியது 699-இல்.

அந்த எண்ணிக்கையில் நான் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட மேசை எப்படி இருக்கும் என்று தெரியும். சீட்டைப் பிரித்து, சின்னம் பார்த்து, கட்டுக் கட்டி ரப்பர் பேண்ட் போட வேண்டும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கட்சி ஏஜெண்டுகள். மை காயும் முன்னே சீட்டை மடித்துவிட்டால் முத்திரை எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு சின்னத்தில் இரண்டு குறி! இதில் எது அசல்? முத்திரை ஸ்வஸ்திக் மாதிரி இருக்கும், அதன் கைகள் எல்லாம் ஒரே திசையில் மடிந்திருக்கும். ஒட்டிக்கொண்ட நகலில் கைகள் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். "சார், அது நம்ம ஓட்டு சார், நல்லா திருப்பிப் பாருங்க" என்று வலைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கெஞ்சும். இன்னொரு குரல் அதட்டும். வித்தியாசம் ஐம்பதாயிரம் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மூன்று இலக்கம் என்றால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பஞ்சாயத்து.

1983-இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காக அவரும் பேராசிரியர் அன்பழகனும் எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார்கள். 1984 பேரவைத் தேர்தலில் கலைஞர் நிற்கவில்லை. மேலவைக்குப் போனார். 1986-இல் மேலவையையே கலைத்துவிட்டார்கள். 1989-இல் துறைமுகம், பெரிய வெற்றி, முதல்வர் நாற்காலி. 1991-இல் மறுபடி துறைமுகம். ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட சில வாரத்தில் நடந்த தேர்தல் அது. தி.மு.க. துடைத்து எறியப்பட்டது. துறைமுகத்தில் அவர் தப்பியது 890 ஓட்டில். அந்தப் பதவியையும் உடனே ராஜினாமா செய்தார்.

இங்கே ஒன்று கவனித்தீர்களா? 699-க்குப் பிறகு அண்ணா நகர் பக்கம் வேட்பாளராக அவர் வரவில்லை. 890-க்குப் பிறகு துறைமுகத்துக்கும் வரவில்லை. தொகுதியை விட்டு ஓடினார் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லலாம். என் கணிப்பு வேறு. தன் பேரில் விழுந்த ஓட்டை அவரைப் போல நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. எந்த இடத்தில் கை வழுக்குகிறது என்பது ஜெயிக்கும்போதே தெரிய வேண்டுமே! கேரளத்தில் கே.எம். மாணியும் 13 தடவை ஜெயித்தவர்தான், 1965 முதல் 2016 வரை. அத்தனையும் பாலா என்ற ஒரே தொகுதியில். நம்மவர் 13 வெற்றிக்கு ஏழு தொகுதி மாறினார். இரண்டில் எது கஷ்டம் என்று என் வீட்டுத் திண்ணையில் பல சாயங்காலம் சண்டை நடந்திருக்கிறது. முடிவு எட்டவில்லை.

1996 முதல் மூன்று தேர்தல் சேப்பாக்கத்தில். நடுவில் 2001-இல் மாநிலம் முழுக்க மின்னணு இயந்திரம் வந்தது. எங்கள் கட்டும் ரப்பர் பேண்டும் போயின. எண்ணப்போனால், தனிப்பெட்டி, முத்திரை, பொத்தான் மூன்றிலும் ஜெயித்தவர் அவர். தொகுதி மறுசீரமைப்பில் பழைய சேப்பாக்கம் இல்லாமல் போகவே, 2011-இல் படித்து வளர்ந்த திருவாரூருக்கே வந்து நின்றார். ஆட்சி போனது, ஆனால் அவருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். 2016-இல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிரசாரம் செய்தார். வித்தியாசம் 68,366.

2018 ஆகஸ்ட் 7 அன்று அவர் காலமானார். அந்த நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டது. ஜனவரிக்கு என்று அறிவித்த திருவாரூர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள். கூரை போன வீட்டில் இருந்தவர்களிடம் போய் யார் ஓட்டுக் கேட்பது? 2019 மே வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.

வணக்கம்.