போத்தல்ல புடிச்ச மழை

[காட்சி: தகரக் கூரையில் மழைச் சத்தம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து லயம் (வரிசை வீடுகள்), அதன் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) மூன்று பிள்ளைகள், நடுவில் ஒரே போன்.]

ஸ்கூல் லீவு விட்டாச்சு. மூணு பிள்ளைக்கு ஒரு போன். அதுக்கும் சிக்னல் வேணும்னா மலை உச்சிக்கு ஏறணும். 2020ல கொரோனா, 2022ல பெட்ரோல் இல்ல, 2025 நவம்பர்ல டித்வா புயல். நம்ம பிள்ளைங்க வீட்டோட கிடக்கிறது புதுசில்ல. கல்வி அமைச்சோட ஈ-தக்சலாவ தளத்தில தமிழ்லயும் பாடம் இருக்கு, டேட்டா இருக்கிறவங்க பாருங்க. இந்த வீடியோ டேட்டா முடிஞ்ச வீட்டுக்கு. அவங்க இத எப்படிப் பார்ப்பாங்கன்னு கேட்காதீங்க, பக்கத்துக் காம்பராவுல போய்ச் சொல்லுங்க.

[காட்சி: வெறும் சோடாப் போத்தல், அடிமட்டம், நாலு கூழாங்கல்.]

பிள்ளைங்க வீட்டுலயே மழைய அளக்க ஒரு மழைமானி செய்யலாம். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒண்ணு எடுங்க. பக்கம் வழவழன்னு நேரா இருக்கணும். கழுத்துக்குக் கீழ, உடம்பு நேராகிற இடத்தில வெட்டுங்க. வெட்டுறது பெரியவங்க வேலை. வெட்டின தலைய மூடி இல்லாம கவுத்து உள்ள வைங்க, புனல் ரெடி. அடி மேடு பள்ளமா இருக்கும், அதனால கல்லப் போட்டு, பக்கம் நேராகிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. அந்த இடத்தில கோடு போடுங்க. அதுதான் பூச்சியம். அதுக்கு மேல மில்லிமீற்றர் குறிச்ச கடதாசிய டேப்பால ஒட்டுங்க.

கூரைத் தண்ணி சொட்டாத வெட்டவெளியில, ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல நட்டு வைங்க. தினமும் காலை 8.30க்குப் பார்த்து எழுதிட்டு, தண்ணியப் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டு வாங்க. இடி மின்னல்னா அளவும் வேணாம், ஒண்ணும் வேணாம், உள்ள இருங்க.

[காட்சி: ஒல்லிப் போத்தல், குண்டுப் போத்தல் பக்கத்தில் பக்கத்தில்.]

எந்தப் பிள்ளையும் கேக்கும்: குண்டுப் போத்தல்ல கூட மழை விழாதா? பதில் சொல்லிடாதீங்க. ரெண்டையும் வைக்கச் சொல்லுங்க. குண்டுல தண்ணி கூடத்தான் இருக்கும், ஆனா உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அந்த முகத்தப் பார்க்கணுமே! ஒரு சதுர மீற்றர்ல 1 மில்லிமீற்றர் விழுந்தா அது 1 லீற்றர். நம்ம கூரை 18 சதுர மீற்றர்னு வைங்க, 10 மில்லிமீற்றர் மழைக்கு எவ்வளவு? 180 லீற்றர். அவ்வளவும் கானுல ஓடிப் போகுது, நாம பீலியில குடத்தோட வரிசையில நிக்கிறோம்.

பதுளைப் பக்கம் மாமா வீடு இருக்கா? அங்கயும் ஒரு போத்தல் வைக்கச் சொல்லுங்க. ஜூன், ஜூலையில ஹட்டன், வட்டவளை பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும், மலைக்கு அந்தப் பக்கம், பதுளை இருக்கிற ஊவாவுல காத்து மட்டும் அடிக்கும். டிசம்பர்ல கதை மாறும். ரெண்டு வீட்டு நம்பரையும் பக்கத்தில பக்கத்தில எழுதினா, பருவக்காத்துப் பாடம் அந்தக் கொப்பியிலயே வந்துடும்.

கணக்குப் பாடத்துக்கு அம்மா பறிக்கிற தேயிலைக் கொழுந்து போதும். அம்மா காலையில எத்தன கிலோ, மத்தியானம் எத்தன, கழிவு எவ்வளவு போச்சு? பிள்ளை தினம் கூட்டி வச்சா, சம்பளச் சீட்டு வர்ற அன்னைக்கு வீட்டுல ஒரு கணக்கப்பிள்ளை இருக்கும்.

[காட்சி: கொப்பியில் மூன்று கோடுகள்: மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு.]

திரும்ப போத்தலுக்கு வர்றேன். மண்சரிவுக்கு எச்சரிக்கை குடுக்கிறது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். அவங்க பார்க்கிற அளவும் இதே மில்லிமீற்றர்தான். 24 மணித்தியாலத்தில 75 தாண்டினா கவனம், 100 தாண்டினா வெளியேற ரெடி, 150 தாண்டினா வெளியேறணும். போத்தல் 60 காட்டினாலும், சுவர்ல புது வெடிப்பு, சாய்ஞ்ச மரம், திடீர்னு கலங்கின ஊத்து தெரிஞ்சா நம்பருக்குக் காத்திருக்காதீங்க, கிளம்புங்க. அவசர இலக்கம் 117. அதையும் கொப்பி அட்டையில பிள்ளையே எழுதட்டும்.

[காட்சி: காலை 8.30. குடை பிடித்தபடி ஒரு பிள்ளை போத்தல் முன்னால் குந்தியிருக்கிறாள்.]

“அப்பாயி, முப்பத்திரெண்டு!”