வேஷத்துக்குள்ள இருக்கிற ஆளுக்கும் விருது குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டு வேலையப் போட்டுட்டு இந்த சுங்கை சிப்புட் டேவான் மண்டபத்துக்கு வந்திருக்கிற அண்ணன்மாருங்க, அக்காமாருங்க, முன்னாடி தரையில ஒக்காந்திருக்கிற தம்பி தங்கச்சிங்க, ஒங்ககிட்ட ஒரே ஒரு விஷயம்தான் பேச வந்தேன், பெரிய பெரிய மாயாஜாலக் கதைப் புத்தகத்தப் படமா எடுத்தா அதுக்கு விருது குடுக்கிறவங்க எதையெல்லாம் பாக்குறாங்க, எதைப் பாக்காமலே விட்டுர்றாங்க.

2004 பிப்ரவரி 29, ஆஸ்கார் மேடை. லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூணாவது படம் 11 பிரிவுல நின்னுச்சு, 11லயும் ஜெயிச்சுச்சு. அதுக்கு முன்ன பென்ஹரும் டைட்டானிக்கும் 11 வாங்கியிருக்கு, ஆனா அந்த ரெண்டும் நின்ன எல்லாப் பிரிவுலயும் ஜெயிக்கல, இது ஒன்னக்கூட விடல. டோல்கீன் எழுதி 1954, 55ல மூணு பாகமா வந்த அம்மாம்பெரிய கதையத் திரைக்கதையாக்குன ஃபிரான் வால்ஷ், பிலிப்பா பாயன்ஸ், பீட்டர் ஜாக்சன் மூணு பேருக்கும் விருது, படத்துக்கு, இயக்கத்துக்கு, இசைக்கு, உடைக்கு, ஒப்பனைக்கு, எல்லாத்துக்கும். நடிப்புக்கு? ஒருத்தர் பேருகூட போட்டியில இல்ல. மூணு படத்தையும் சேத்தா 30 பரிந்துரை, அதுல நடிப்புக்கு வந்தது ஒன்னே ஒன்னு, மொதப் படத்துல இயன் மெக்கெல்லனுக்கு, அதுவும் கிடைக்கல.

கைவேலைக்குக் குடுத்தது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். அந்தப் படத்துல படைவீரங்க போட்டிருக்கிற வளையச் சட்டை இருக்கே, நிறைய சட்டைங்களுக்கு பிளாஸ்டிக் பைப்ப வட்டம் வட்டமா அறுத்து ஒன்னொன்னா கையால கோர்த்திருக்காங்க, அந்த உழைப்புக்கு எத்தனை விருது குடுத்தாலும் தகும். (ஹாரி பாட்டர் எட்டுப் படத்துக்கும் சேத்து 12 பரிந்துரை, அத்தனையும் இந்த மாதிரி வேலைக்குத்தான், ஆஸ்கார் ஒன்னுகூட வரல, அது தனி வருத்தம்.)

என் மனசு ஆறாதது லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்ல வர்ற கோல்லம்ங்கிற விசித்திரப் பிறவி விஷயத்துலதான். ரெண்டாவது படத்துல ராத்திரியில எல்லாரும் தூங்குறப்ப அது தனியா ஒக்காந்து தனக்குத்தானே பேசும் பாருங்க, ஒரே மூஞ்சிதான், இந்தப் பக்கம் திரும்புனா கெட்டது, அந்தப் பக்கம் திரும்புனா பயந்து நடுங்குற பாவப்பட்டது, கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரு எதிரும் புதிருமா ஒக்காந்து சண்ட போடுற மாதிரியே ஆயிரும். அந்தக் கொரலு, அந்த அசைவு எல்லாம் ஆண்டி செர்கிஸ். அவரு செட்டுல மத்த நடிகருங்களோட மண்ணுல பொரண்டு நடிச்சாரு, அதுமேல கம்ப்யூட்டர் கலைஞருங்க உருவத்த வரைஞ்சாங்க. அந்தப் படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார் வந்துச்சு, வரவேண்டியதுதான், ஆனா செர்கிஸ் பேரு நடிப்புப் பட்டியல்ல இல்ல.

நம்ம தோட்டத்துல அந்தக் காலத்துல நாடகம் போட்டப்ப ராவணனுக்கு மூஞ்சி பூரா சாயம், தலையில கிரீடம், ஆளே தெரியாது, ஆனா மறுநாள் காலையில வேலைக்கு ஆளுங்க கூடுற பெரட்டுக்களத்துல எல்லாரும் அந்த மனுசனத்தான கையப் புடிச்சுப் பாராட்டுனாங்க, சாயம் நல்லாருந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்களா?

இது ஹாலிவுட்டோட நிக்கல. நம்ம கல்கி 1950லேருந்து 54 வரைக்கும் தொடரா எழுதுன பொன்னியின் செல்வன், அது மாயக்கதை இல்ல, சரித்திரக்கதைதான், ஆனாலும் அதே மாதிரி பெரிய புத்தகம். மொதப் பாகப் படத்துக்கு 70வது தேசிய விருதுல நாலு கெடச்சுச்சு, சிறந்த தமிழ்ப் படம், ரஹ்மானோட பின்னணி இசை, ரவி வர்மனோட ஒளிப்பதிவு, அப்புறம் ஒலி வடிவமைப்பு. எனக்குப் பெருமைதான், ஆனா பாருங்க, நடிப்புக்கு இங்கயும் இல்ல. பெரிய கதைன்னா கண்ணும் காதும் ரொம்பிருது, மனுசன் நடிச்சதக் கவனிக்க மறந்துர்றாங்க, நான் நெனைக்கிற காரணம் இதான்.

ஆனா அமெரிக்காவுல நடிகருங்களே ஓட்டுப் போட்டுக் குடுக்கிற சங்க விருது ஒன்னு இருக்கு, அதே 2004ல அவங்க மூணாவது படத்தோட மொத்த நடிகர் கூட்டத்துக்கும் சேத்து விருது குடுத்தாங்க. கூட நிக்கிறவனுக்குத்தான் வேல தெரியும். ஆஸ்கார்லயும் வேஷத்துக்குள்ள இருந்து நடிக்கிறவங்கள நடிப்புப் பிரிவுலயே எடுத்துக்கணும், தனியா ஒரு மூலையில புதுசா பிரிவு வேணாம்.

சரி, இப்ப அந்தக் கோல்லம் காட்சியப் போடச் சொல்லியிருக்கேன், தம்பி, அந்த முன் லைட்ட மட்டும் அணைச்சிரு, பாத்து முடிச்சிட்டு கேள்வி கேளுங்க, பேசலாம்.