அந்த 79 வருடம்

(காவிரி டெல்டாவில் கத்தோலிக்கக் கன்னியர், அதாவது துறவறச் சிஸ்டர்கள், நடத்தும் பள்ளிகளில் படித்த பெண்களின் கூட்டம் ஒன்றில் பேசியது. பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற சிஸ்டர்களுக்கும், பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கிற அக்காமார்களுக்கும், பஸ் பிடித்து நேரத்துக்கு வந்து சேர்ந்த தங்கச்சிகளுக்கும் தனித்தனியாக வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1844இல் இயேசு சபைக் குருக்கள் நாகப்பட்டினத்தில் ஆண் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1883இல் அது திருச்சிக்கு இடம் மாறியது. மெயின்கார்டுகேட் பக்கம் லூர்து மாதா கோயிலை ஒட்டி நிற்கிற செயின்ட் ஜோசப் கல்லூரிதான் அது. அதே தெப்பக்குளம் பகுதியில், கூப்பிடு தூரத்தில், பெண்களுக்கென்று ஹோலி கிராஸ் கல்லூரி வந்தது 1923இல். பிரான்ஸ் நாட்டின் சவானோ என்ற ஊரில் தோன்றிய சிலுவைக் கன்னியர் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கு 1844, பெண் பிள்ளைகளுக்கு 1923. நடுவில் 79 வருடம். இந்த 79 வருடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன், ஏனென்றால் நம் பள்ளிகளின் ஆண்டு மலர்களில் காணாமல் போகிற பகுதி அதுதான். மலரைத் திறந்தால் பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ஒரு மதர், அவருடைய படம், அடிக்கல் நாட்டிய தேதி, அப்புறம் நேராக நூற்றாண்டு விழா. நடுவில் இருந்தவர்கள் யார்?

அதே 1844இல் புதுச்சேரியில் இன்னொன்றும் தொடங்கியது. துப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தமிழ்ப் பெண்களையே சேர்த்து, மரியாவின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை அந்த வருடம் அக்டோபரில் உருவாக்கினார். பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதுதான் அந்தச் சபை பிறந்த காரணமே. (இதே துப்புயி அடிகளார் இன்னொருவரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தயாரித்து மிஷன் அச்சகத்தில் அச்சிட்டவரும்கூட. அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய கதை.) நாகப்பட்டினத்துக் கல்லூரியும் புதுச்சேரிச் சபையும் ஒரே வயது. ஒன்றைப் பற்றி ஊருக்கே தெரியும். இன்னொன்று 1844 என்று சொன்னால், நம் கூட்டத்திலேயே பலர் புருவம் தூக்குகிறீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கத்தோலிக்கர்கள்தான் முதலில் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் 1706இலேயே வந்து இறங்கி, கொஞ்ச காலத்திலேயே பெண் குழந்தைகளுக்கும் பள்ளி வைத்தார்கள். அந்தப் பெருமை அவர்களுடையது. ஆனால் ஒரு பள்ளியை ஆரம்பிப்பது வேறு, தலைமுறை தலைமுறையாக அதற்கு டீச்சர் கிடைத்துக்கொண்டே இருப்பது வேறு. என் பேச்சு இரண்டாவதைப் பற்றி.

அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவை நினைத்துப் பாருங்கள். பெண் படித்தால் என்ன சொன்னார்கள்? எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றாலே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விட்ட பெண்தான், குடும்பப் பெண்ணுக்கு எதற்கு என்றார்கள். இந்தப் பேச்சைத் தாண்டித்தான் ஒரு அப்பா தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படியே அனுப்பினாலும் பத்து, பதினொரு வயதில் கல்யாணம், இல்லையென்றால் வயசுக்கு வந்ததும் வீட்டுக்குள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கிற சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது, அதுவும் பெண்ணின் திருமண வயதைப் பதினாலு என்றுதான் வைத்தது. ஆக, பெண் பள்ளி என்றால் தொடக்கப் பள்ளி, அதற்கு மேல் வகுப்புக்குப் பிள்ளையே இருக்காது. மேல் வகுப்பு இல்லையென்றால் அடுத்த தலைமுறைக்கு டீச்சர் எங்கிருந்து வருவார்? ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். பெண் வாத்தியாருக்கோ ஆளில்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 79 வருடம் ஆயிற்று.

யார் அவிழ்த்தார்கள் என்று கேட்டால், கல்யாணச் சந்தையில் இடமில்லாத பெண்கள் என்றுதான் நான் சொல்வேன். கன்னியாக இருக்கிறேன் என்று முடிவு செய்தவர்கள் ஒரு பக்கம், சின்ன வயதிலேயே தாலி இழந்தவர்கள் ஒரு பக்கம். திருச்சியில் 1850களில் தோன்றிய புனித அன்னாள் சபை கைம்பெண்களை வைத்தே தொடங்கிய சபை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தாலும் பல சாதிகளில் மறுமணம் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டின் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்த பெண்ணைக் கூப்பிட்டு, நீ படி, நீ சொல்லிக் கொடு, உன்னை யாரும் சும்மா இருக்கிறாய் என்று சொல்ல முடியாது என்று ஒரு சமூகப் பதவியைக் கொடுத்தார்கள். துறவு என்கிற ஒன்று நம் ஊரில் ஆண்களுக்கு எப்போதும் மரியாதையைக் கொடுத்திருக்கிறது. ஒரு பெண் தனியாக, புருஷன் இல்லாமல், வேலை செய்து, வெளியூர் போய், தலைநிமிர்ந்து நடமாடுவதற்கு டெல்டாவில் அன்றைக்குக் கிடைத்த ஒரே உடுப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

இதை நான் கிறிஸ்தவப் பெருமையாகச் சொல்லவில்லை. நான் கிறிஸ்தவரும் இல்லை. இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சகோதரி சுப்புலட்சுமி தெரியுமா? 1886இல் பிறந்தவர், தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூரைச் சேர்ந்த பிராமணக் குடும்பம், பால்ய விதவை. சென்னையில் கன்னியர் நடத்திய பிரசன்டேஷன் கான்வென்டில் படித்தார், 1911இல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். அந்தக் கன்னியர் வாழ்ந்த வாழ்க்கையைக் கிட்ட இருந்து பார்த்தவர், விதவைகளுக்கும் இப்படி ஒரு படிப்பு, ஒரு வேலை, ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்று நினைத்தார். மதம் மாறவில்லை. மொட்டை அடித்து மூலையில் உட்காரவைத்த பிராமண விதவைச் சிறுமிகளுக்காகவே விடுதி தொடங்கி, அவர்களை டீச்சர்களாக ஆக்கினார். ஜனங்கள் அவரையும் சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். திருச்சியில் கத்தோலிக்க விதவைகள் செய்ததும், சென்னையில் இவர் செய்ததும் ஒரே வேலை. முடிச்சு ஒன்று, அவிழ்த்த விரல்களும் ஒரே மாதிரி.

சரி, பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கொடுக்கலாம், பெண் கல்வியையும் ஆதரிக்க வேண்டும் என்றது. நாம் இன்றைக்கு 'எய்டட் ஸ்கூல்' என்று சொல்வதன் வேர் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் கொஞ்ச காலம் பரீட்சையில் எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்குத் தகுந்த மானியம் என்று இருந்தது. பெண் பள்ளியென்றால் கணக்கு, வாசிப்போடு தையலையும் பார்ப்பார்கள். நம் பள்ளிகளில் தையல் டீச்சர் என்று ஒரு பதவி இன்றைக்கும் இருப்பது அந்தக் காலத்து மிச்சம்.

டெல்டாவில் இந்தப் பள்ளிகளுக்கு ஒரே வரலாறு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பல பேர் போட்டுக் குழப்புகிறார்கள். திருச்சிப் பக்கம் இயேசு சபையின் மதுரை மிஷன். கும்பகோணம் 1899 வரை புதுச்சேரி பிஷப்பின் நிர்வாகத்தின் கீழ், அதாவது பாரிஸ் மிஷன் குருக்கள். தஞ்சாவூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணியெல்லாம் 1952இல் தஞ்சாவூருக்கென்று தனி பிஷப்போடு மறைமாவட்டம் பிறக்கும்வரை மயிலாப்பூர் பிஷப்பின் கீழ், போர்த்துக்கீசியத் தொடர்பு. ஒரே காவிரித் தண்ணீரைக் குடித்தாலும் மூன்று நிர்வாகம். அதனால்தான் பக்கத்துப் பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் வேறு வேறு சபைச் சிஸ்டர்கள், வேறு வேறு நிற உடுப்பு.

அப்புறம் போர்டிங். இதைப் பற்றி நான் நிறையப் பேச ஆசைப்படுகிறேன். பெண் பிள்ளை படிப்பில் பாதிச் சண்டை, எப்படிப் போய் வருவாள், எங்கே தங்குவாள் என்பதுதான். வெண்ணாற்றுப் பக்கத்துக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளை வீட்டில் வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டிங்கில் விட்டுவிட்டால் அந்த ஒரு பிள்ளையாவது தப்பிக்கும். என் அம்மா அப்படித் தப்பித்தவர். தாத்தாவிடம் காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் பீஸுக்குப் பதில் நெல்லை மூட்டையில் கட்டி மாட்டு வண்டியில் கொண்டுபோய் இறக்குவாராம், சிஸ்டரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வாராம். டிரங்குப் பெட்டி, காலையில் கஞ்சி, ராத்திரி சிம்னி விளக்கில் படிப்பு, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல். பூசை கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு, மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் தோட்ட வேலை. வகுப்பிலும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்கிற மதப் பாடம் நடக்கும்போது மற்றவர்களுக்கு நீதிபோதனை. கூத்தாநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை ஒன்று நோன்பு வைத்தபோது, ராத்திரி எழுப்பிவிட்டுச் சாப்பாடு போட்டது வார்டன் சிஸ்டர் என்று அம்மா சொல்வார். அந்தச் சிஸ்டரின் பெயர் எந்த மலரிலும் இல்லை.

கஷ்டமான பக்கத்தையும் பேசத்தான் வேண்டும். சாதி மடத்து வாசலிலேயே நின்றுவிடவில்லை, உள்ளேயும் வந்தது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்த திருச்சபை இது. கோயிலில் தனி இடம், பந்தியில் தனி வரிசை என்று இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் மட்டும் சுத்தமாக இருந்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். தலித் கிறிஸ்தவப் பெண்கள் போராடித்தான் மாற்றம் வந்தது, இன்னும் வர வேண்டியது இருக்கிறது. நம் நன்றியைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் நன்றிக்காக இதை மறைக்கவும் வேண்டியதில்லை. வரலாறு எழுதப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

1923க்குப் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. 1956இல் காமராஜர் மதிய உணவு, 1978இல் பிளஸ் டூ வந்ததும் பல பள்ளிகள் மேல்நிலைப் பள்ளியாயின, கிராமத்து முதல் தலைமுறைப் பெண்கள் நர்ஸாக, டீச்சராக, கிளார்க்காக வெளியே வந்தார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களே அதில் இருந்தவர்கள்.

ஆனால் ஒன்று பலருக்குத் தெரியாது. எய்டட் பள்ளியில் வேலை பார்க்கிற சிஸ்டருக்கும் மற்ற டீச்சர்களுக்குக் கிடைக்கிற அதே அரசுச் சம்பளம்தான். அது அவர் கையில் நிற்காது. சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் என்பதால் முழுச் சம்பளமும் சபையின் பொதுக் கணக்குக்குப் போய்விடும். நாம் படித்த மாடிக் கட்டடம், சயின்ஸ் லேப், போர்டிங் சமையல்கூடம் எல்லாவற்றிலும் அந்தச் சம்பளம் இருக்கிறது. வெளிநாட்டுப் பணம் என்று ஈசியாகச் சொல்லிவிடுகிறார்கள், முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்த ஒரு அம்மாவின் மாதச் சம்பளத்தை யாரும் நினைப்பதில்லை. அந்தச் சம்பளத்துக்கு வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்குக்கூடத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் உச்ச நீதிமன்றம் வரை போய், பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் முடிந்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். இத்தனை வருடம் அந்தப் பணம் எங்கே போனது என்பது அந்த வழக்கால்தான் வெளியில் நிறையப் பேருக்குத் தெரிந்தது.

இன்றைக்கு நம் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள்? வசதி உள்ளவர்கள் மெட்ரிக், சிபிஎஸ்இ என்று போய்விட்டார்கள். தமிழ் வழியில் இங்கே வருவது கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், மீனவர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கிற சில உதவிகள் கிடைக்காமல் போனதுதான் ரொம்ப நாள் என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. மேற்படிப்புக்குப் போகிற பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் உள்ள திட்டம், மூவலூர் இதோ மாயவரம் பக்கம் இருக்கிறது, பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயரில் உள்ள பணம் நம் பிள்ளைகளுக்கு இல்லையா என்று எத்தனை மனு எழுதியிருப்போம். 2024 கடைசியில் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். அதே வருடம் ஜூலையில் காலை உணவும் கிராமத்து எய்டட் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. இரண்டையும் மனதார வரவேற்கிறேன். உங்கள் தெருவில் தகுதி இருந்தும் இன்னும் விண்ணப்பம் போடாத பெண் இருந்தால், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் போட வையுங்கள்.

கடைசியாக வேலை ஒன்று இருக்கிறது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைச் செல் அரிக்கிறது. ஓய்வு பெற்ற சிஸ்டர்கள் முதியோர் இல்லங்களில் இருக்கிறார்கள், சமையலம்மாக்கள் ஊரில் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. தெரிந்தவர்களிடம் போய் உட்கார்ந்து போனில் பதிவு செய்யுங்கள். மதர்களின் படம் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. எனக்கு வேண்டியது வார்டன்கள், தையல் டீச்சர்கள், பால்வாடி எடுத்தவர்கள், விதவையாக வந்து டிரெயினிங் முடித்து டீச்சர் ஆனவர்கள். பழைய குரூப் போட்டோ வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் பெயர்களை எழுதிக் கொடுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் மட்டும் போதாது, ஓரத்தில் நிற்பவர்கள் பெயரும் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் ஸ்கேன் பண்ண இரண்டு தங்கச்சிகள் அந்த ஜன்னலோர மேசையில் இருக்கிறார்கள். நன்றி, வணக்கம்.