காத்தாடி யாருக்குச் சொந்தம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வழியில், ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் வந்துவிடும். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் மின்சாரம் எடுக்கிற காத்தாடிதான். தமிழ்நாட்டின் மொத்தக் காற்றாலைத் திறன் இன்றைக்கு 10,000 மெகாவாட்டுக்கு மேல். இத்தனையும் சுற்றுகிறதே, அதன் அடியில் இருக்கிற ஊருக்கு என்ன மிஞ்சுகிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பையன்களுக்கு வேலை கிடைத்தது. கோபுரத்துக்குள் ஏணி பிடித்து ஏறி, மேலே கிரீஸ் வைத்துவிட்டு இறங்குகிற வேலை. காவலுக்கு ஆள் வேண்டும், வாடகைக்கு ஜீப் வேண்டும். ஆனால் கோபுரம் எழும்புகிற சில மாதங்களில்தான் ஊரில் நிறையப் பேருக்குக் கூலி கிடைக்கும். கிரேன் திரும்பிப் போன பிறகு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே போதும்.

பெரிய பணம் மின்சாரத்தில் இருக்கிறது. அது காத்தாடிக்குச் சொந்தக்காரர் யாரோ அவருக்குப் போகிறது. தொண்ணூறுகளில் காற்றாலை வாங்கினால், முதல் வருடமே அதன் முழு விலையையும் தேய்மானச் செலவாக லாபத்திலிருந்து கழித்து வருமான வரியை மிச்சம் பிடிக்கலாம். அதனால் வெளியூர் மில்களும் சிமெண்ட் கம்பெனிகளும் வந்தன. மழை பொய்த்துக் கிடந்த மானாவாரி நிலத்தைப் புரோக்கர் சொன்ன விலைக்குக் கிரயம் செய்துகொடுத்தவர், அந்தக் காற்றுக்கு என்ன விலை என்று யாரிடம் கேட்டிருப்பார்? குத்தகைக்கு விட்டிருந்தால் ஆண்டுதோறும் ஒரு தொகை வீட்டுக்கு வந்திருக்கும். இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இன்னொரு வழி இருந்தது என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறையே சாட்சி. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டுகிற கரண்ட் பில் பஞ்சாயத்தின் கையைக் கடித்தது. அப்போது தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். 2006-இல் ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைப் பஞ்சாயத்தே வாங்கியது. சுமார் 40 லட்சம் பஞ்சாயத்துச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். காத்தாடி ஓடந்துறையில் இல்லை. நல்ல காற்று அடிக்கும் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் நிற்கிறது. அங்கே எடுத்த மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்ந்தது, அந்த அளவு பஞ்சாயத்தின் பில்லில் கழிந்தது. வருடத்துக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊரின் அன்றைய தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்ற பணத்தில் கடன் அடைந்தது. காற்றே இல்லாத ஊர் காத்தாடி வைத்துச் சம்பாதித்தது, ஆடி மாதம் கூரை ஓடுகளையே பிய்த்துக்கொண்டு போகிற காற்றுள்ள ஊர்கள் வேடிக்கை பார்த்தன!

டென்மார்க்கில் ஊர்க்காரர்களுக்குப் பங்கு தருவதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். 2009 முதல், புதிய காற்றாலை வைக்கிறவர் குறைந்தது 20 சதவீதப் பங்கை அக்கம்பக்கத்து மக்களுக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டும்; 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை. பின்னாளில் அந்த முறையை மாற்றிவிட்டார்கள் என்றாலும், இரைச்சலையும் நிழலையும் தாங்குகிறவருக்கு வருமானத்திலும் இடம் உண்டு என்பதை ஒரு நாடு ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

நமக்கும் இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நட்ட சின்ன இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டுப் பெரியவற்றை வைப்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு கொள்கையே வெளியிட்டது. புதிய இயந்திரத்துக்கு அகலமான பாதை வேண்டும், சில இடங்களில் கூடுதல் நிலமும் வேண்டும். ஆக, பழையபடி ஊர்க்காரர்களிடம்தான் வருவார்கள். நிலம் வைத்திருப்பவர்கள் கிரயம் வேண்டாம், குத்தகைதான் என்று சேர்ந்து நின்று பேசுங்கள். அடுத்த கிராம சபையில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாகப் போடுங்கள்: பஞ்சாயத்துக்கு ஒரு பங்கு, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சியோடு வேலை, கிரேன் போய் உடைகிற ரோட்டைக் கம்பெனியே போட்டுத் தருவது.

வணக்கம்.