குளோரினுக்கு அசையாத கறுப்புப் பூச்சு

நேயர்களுக்கு வணக்கம். களிம்பேறிய செம்புக் கம்பியைச் சுரண்டிய பிறகே மின்பணியாளர் இணைப்புக் கொடுப்பார். ஏனெனில் உலோகத்தின்மேல் படியும் ஆக்சைடு பெரும்பாலும் மின்சாரத்தைத் தடுக்கும். இவ்வியல்புக்கு விலக்கானது, பிளாட்டினக் குடும்பத்து உலோகமான ருத்தேனியத்தின் ஆக்சைடாகிய ருத்தேனியம் டைஆக்சைடு. நீலம் ஓடிய கறுப்பு நிறமுடைய இச்சேர்மத்தின் மின்தடைத்திறன் அறை வெப்பநிலையில் செம்பினுடையதைப் போல் சுமார் 20 மடங்குதான். சூடேற்றினால், உலோகங்களில் நிகழ்வதைப் போலவே, அது கூடுகிறது.

இதன் பெரும்பயன் உப்புக் கரைசலிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் தொழிலில் இருக்கிறது. அங்கே முன்பு நேர்மின்வாயாக இருந்த கிராபைட் நாளடைவில் தேய்ந்தது. தேயத் தேய மின்வாய்களுக்கிடையே இடைவெளி அகன்று, மின்னழுத்தமும் மின்கட்டணமும் ஏறின. டைட்டானியம் அரிப்பைத் தாங்கும் என்றாலும், நேர்மின்வாயாக்கினால் தன்மேல் மின்கடத்தா ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் ருத்தேனியம் ஆக்சைடைப் பூசலாம் என்று 1960களில் ஹென்றி பீர் என்ற கண்டுபிடிப்பாளர் காட்டிய வழியை இத்தாலியின் டி நோரா நிறுவனம் ஆலைகளுக்குக் கொண்டுசென்றது.

பூச்சு வேலை பொறுமையைக் கேட்பது. அமிலத்தால் அரித்துச் சொரசொரப்பாக்கிய டைட்டானியத்தின்மேல், ருத்தேனியம் குளோரைடும் ஒரு டைட்டானியச் சேர்மமும் கலந்த ஆல்கஹால் கரைசலைத் தூரிகையால் தடவி, உலர்த்தி, காற்றோட்டமுள்ள உலையில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையில் சுட்டு, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்து கனத்தை ஏற்ற வேண்டும். சுடுகையில் உண்டாகும் ருத்தேனியம், டைட்டானியம் ஆக்சைடுகள் இரண்டுக்கும் ரூட்டைல் என்னும் ஒரே படிக அமைப்பு வாய்த்திருப்பதால் அவை ஒன்றோடொன்று கலந்து இறுகுகின்றன. வெப்பம் அளவு கடந்தால் ருத்தேனியத்தின் ஒரு பகுதி ஆவியாகும் ஆக்சைடாகக் காற்றோடு போய்விடும். அந்த ஆவி நச்சு, இழப்போ விலையுயர்ந்த உலோகம்.

எல்லா இடத்துக்கும் இப்பூச்சு ஏற்றதன்று. ஆக்சிஜன் வெளியாகும் அமிலக் கரைசல்களில் இது விரைவில் கரைவதால், அங்கே இரிடியம் ஆக்சைடையே நாட வேண்டியிருக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் டைட்டானிய மின்வாய்களில் ஆய்வு நடத்தியுள்ளது.

மின்னணுவியலில், ருத்தேனியம் ஆக்சைடைக் கண்ணாடித் தூளுடன் கலந்து அலுமினாத் தகட்டில் அச்சிட்டு, சுமார் 850 டிகிரியில் சுட்டால் நிலையான மின்தடைகள் கிடைக்கின்றன. இதன் நீரேறிய வடிவம், மிகுந்த மின்னூட்டத்தைச் சேமிக்கும் மீமின்தேக்கிகளில் கிராமுக்கு 700 ஃபாரடுக்கும் மேல் மின்தேக்குதிறனைக் காட்டியுள்ளது. இருப்பினும், பூச்சில் சில மைக்ரோமீட்டர் கனத்துக்குக் கட்டுபடியாகும் ருத்தேனியத்தின் விலை, அள்ளி நிரப்ப வேண்டிய மின்தேக்கிக்குக் கட்டுபடியாவதில்லை.